சிந்தெட்டிக் ஆயில்: செட்டிநாட்டு வண்டிகளுக்கு எதை ஊற்றுவது, எப்போது மாற்றுவது

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், "நல்ல சிந்தெட்டிக் ஆயிலா ஒரு கேன் குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் மேசைமேல் நாலு கேனை எடுத்து வைப்பார். நாலும் தரமான ஆயிலாகவே இருக்கும். ஆனால் அதில் இரண்டு உங்கள் இன்ஜினுக்குப் பொருந்தாததாக இருக்கலாம். எந்த ஆயில் என்பதை முடிவு செய்வது வண்டியோடு வந்த ஓனர் மேனுவல். எப்போது மாற்றுவது என்பது வேறு கேள்வி. அதை முடிவு செய்வது வண்டி ஓடும் விதம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் விலை உயர்ந்த ஆயிலை ஊற்றிவிட்டு இரண்டு வருடம் அதை மறந்துவிடுகிறார். இன்னொருவர் அதே ஆயிலை 3,000 கிலோமீட்டரிலேயே வடித்துக் கொட்டுகிறார்.

மேனுவலில் தேட வேண்டியவை

மேனுவலின் கடைசிப் பக்கங்களில் ஆயில் அட்டவணை இருக்கும். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிரேடு, தர முத்திரை, அளவு.

கிரேடு என்பது 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 போன்ற எண். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கானது. 0டபிள்யூ ஆயிலின் குளிர்ச் சோதனை மைனஸ் 35 டிகிரியில் நடக்கிறது, 5டபிள்யூவுக்கு மைனஸ் 30, 15டபிள்யூவுக்கு மைனஸ் 20. மார்கழி விடியற்காலையிலும் நம் ஊரில் அந்தக் குளிரின் பக்கத்தில்கூடப் போவதில்லை. அதனால் இந்த முன் எண்ணை நினைத்து இங்கே ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பின் எண்தான் சூடான இன்ஜினில் ஆயிலின் கெட்டித்தன்மை. 30 என்றால் 100 டிகிரி சூட்டில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். "நம்ம ஊரு வெயிலுக்கு 0டபிள்யூ-20 தண்ணியா ஓடிரும்ணே, 20டபிள்யூ-50 போட்டுருவோம்" என்று சில ஒர்க்‌ஷாப்புகளில் சொல்வார்கள். அக்கறையோடு சொல்வதுதான், ஆனால் தவறு. இன்ஜின் சூட்டைத் தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்துகிறது. வெளியே 25 டிகிரி இருந்தாலும் 40 டிகிரி இருந்தாலும், ஓடும் இன்ஜினில் ஆயிலின் சூடு 90 முதல் 110 டிகிரியை ஒட்டியே நிற்கும். புது பெட்ரோல் இன்ஜின்களில் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், வால்வ் டைமிங்கை மாற்றும் சின்னச் சின்ன ஆயில் வழிகள் எல்லாமே மெல்லிய ஆயிலை நம்பிச் செய்யப்பட்டவை. அவற்றில் 50 கிரேடை ஊற்றினால், ஸ்டார்ட் செய்தவுடன் மேல் பாகங்களுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும். மைலேஜும் குறையும். அதே சமயம், உங்கள் மேனுவலே 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று இரண்டு கிரேடுகளை அனுமதித்திருந்தால், ஆளும் லக்கேஜுமாக மதுரை, ராமேஸ்வரம் என்று நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு 5டபிள்யூ-30 எடுப்பது நல்ல முடிவு. மேனுவல் கொடுத்த வரம்புக்குள் கெட்டியான பக்கம் நகரலாம். வரம்பைத் தாண்டக் கூடாது.

அடுத்தது தர முத்திரை. பெட்ரோல் வண்டிகளுக்கு ஏபிஐ எஸ்என், எஸ்பி, எஸ்க்யூ என்று வரிசையாகப் போகும். எஸ்பி 2020இல் வந்தது, எஸ்க்யூ 2025இல். பின்னால் வந்தது முன்னதற்குப் பதிலாகப் பொருந்தும். மேனுவலில் எஸ்என் என்று இருந்தால் எஸ்பி தாராளமாக ஊற்றலாம். டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் எஸ்பிக்குக் குறைந்ததை வாங்கவே வேண்டாம். குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் சிக்கல் அந்த இன்ஜின்களில் உண்டு. அதைத் தடுக்கும் சோதனை எஸ்பியில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அளவு: சிறிய பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 3.5 லிட்டர், 100 சிசி பைக்குக்கு 1 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. துல்லியமான எண்ணை மேனுவலில் பாருங்கள். "ஃபில்டரோடு", "ஃபில்டர் இல்லாமல்" என்று இரண்டு அளவுகள் போட்டிருப்பார்கள்; ஃபில்டரோடு உள்ளதுதான் உங்களுக்கு வேண்டியது.

கேனில் "சிந்தெட்டிக்" என்று இருந்தால்

கச்சா எண்ணெயிலிருந்து பிரித்துச் சுத்தப்படுத்தியது மினரல் ஆயில். அதை அழுத்தத்திலும் ஹைட்ரஜனிலும் மூலக்கூறு அளவில் மாற்றியமைத்தது குரூப் 3. வேதியியல் முறையில் புதிதாகக் கட்டியது குரூப் 4. கடையில் சிந்தெட்டிக் என்று கிடைப்பதில் பெரும்பகுதி குரூப் 3தான். 1999இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆயில் நிறுவனங்களுக்கிடையே வந்த விளம்பரத் தகராறில், குரூப் 3ஐயும் சிந்தெட்டிக் என்று சொல்லலாம் என்று முடிவானது. இது ஏமாற்று வேலை அல்ல. நல்ல குரூப் 3 ஆயில் நம் தேவைக்குப் போதும். "செமி சிந்தெட்டிக்" என்பதற்குத்தான் இத்தனை சதவீதம் கலந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்காமல் முத்திரையைப் பாருங்கள்.

சிந்தெட்டிக்கால் நமக்கு உண்மையான லாபம் என்ன? சூட்டில் சீக்கிரம் கெட்டிப்பதில்லை, ஆவியாகிக் குறைவது கம்மி, கசடு சேர்வது கம்மி. ஆனால் உள்ளே வந்து சேரும் தூசியையும் ஈரத்தையும் பெட்ரோலையும் சிந்தெட்டிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. செட்டிநாட்டில் ஆயில் கெடுவதற்குப் பெரிய காரணங்கள் இந்த மூன்றும்தான்.

ஒருமுறை சிந்தெட்டிக் ஊற்றினால் திரும்ப மினரலுக்கு வரக் கூடாது என்பதும், அவசரத்துக்கு இரண்டையும் கலந்தால் தயிர்போல் உறைந்துவிடும் என்பதும் உண்மையில்லை. ஒரே கிரேடு, ஒரே முத்திரை என்றால் வழியில் அரை லிட்டர் வேறு கம்பெனி ஆயிலை டாப்-அப் செய்துகொண்டு ஊர் வந்து சேரலாம்.

வீட்டில் பழைய அம்பாசடர் நிற்கிறதென்றால் சிந்தெட்டிக்கைத் தேடிப் போக வேண்டாம். 20டபிள்யூ-50 மினரல் ஆயிலே அதற்கு உகந்தது. அந்தக் காலத்து டாப்பெட்டுகள் (வால்வைத் தள்ளும் பாகங்கள்) கேமின் மீது உரசி ஓடுபவை. அவற்றைக் காப்பது ஆயிலில் உள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம். 30ம் அதற்குக் கீழுமான கிரேடுகளில் பாஸ்பரஸுக்கு உச்சவரம்பு உண்டு, 20டபிள்யூ-50க்கு அந்த வரம்பு கிடையாது.

பைக்கும் ஸ்கூட்டரும்

பைக்கில் ஆயில், இன்ஜினோடு கிளட்ச்சையும் கியரையும் சேர்த்து நனைக்கிறது. கார் ஆயிலில் வழுக்கலைக் கூட்டும் பொருள்கள் இருப்பதால் அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்: ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறும், வண்டி நகராது. அதனால் பைக்குக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை கட்டாயம். ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை, அதற்கு எம்பி. மேனுவல் எம்பி என்றால் எம்பியே வாங்குங்கள். ஸ்கூட்டருக்குப் பின்சக்கரத்தருகே தனியாக கியர் ஆயில் ஒன்று உண்டு, 100 மில்லிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பிடிக்கும். அளவு சின்னதாக இருப்பதால் அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ராயல் என்ஃபீல்டு 350க்கு 15டபிள்யூ-50. அதில் 10டபிள்யூ-30 மிச்சம் கிடக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள்.

வாங்கும்போது

தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள். வாரண்டியில் உள்ள வண்டிக்குப் பில்தான் சாட்சி. மூடியின் சீல் வளையம் உடையாமல் இருக்க வேண்டும். தயாரித்த மாதத்தைப் பாருங்கள்; திறக்காத கேன் சில வருடம் தாங்கும் என்றாலும் இரண்டு வருடத்துக்குள் தயாரானதை எடுப்பது நல்லது. லூஸ் ஆயில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வேலை முடிந்ததும் காலிக் கேனை ஸ்க்ரூடிரைவரால் குத்திக் கிழித்து அப்புறம் பழைய சாமான்காரரிடம் போடுங்கள். முழுசாகப் போகும் நல்ல கேன்தான் போலி ஆயில் அடைக்க உதவுகிறது.

இன்ஜின் ஃப்ளஷ், ஆயிலில் கலக்கும் டானிக் பாட்டில் இவற்றுக்குச் செலவு செய்ய வேண்டாம். அந்தப் பணத்தில் ஏர் ஃபில்டர் வாங்கலாம்.

எப்போது மாற்றுவது

பெரும்பாலான மேனுவல்களில் இரண்டு கணக்கு இருக்கும்: சாதாரண ஓட்டம், கடின ஓட்டம். பல பெட்ரோல் கார்களுக்குச் சாதாரணம் 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது. கடின ஓட்டத்துக்கு அநேகமாக இதில் பாதி. நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலோர் தங்களுடையது சாதாரண ஓட்டம் என்றே நினைக்கிறார்கள். மெதுவாகத்தானே ஓட்டுகிறோம், லோடும் ஏற்றவில்லையே என்பது அவர்கள் கணக்கு. ஆனால் இன்ஜினுக்குக் கடினம் எது என்பதன் பட்டியல் வேறு: சூடேறும் முன் அணைக்கப்படும் குட்டி ஓட்டம், தூசி, நின்றபடி ஏசி போட்டு ஓடவிடுவது.

காரைக்குடிக்குள் செக்காலையிலிருந்து கல்லுக்கட்டிக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று கிலோமீட்டர். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் ஆயில் இன்னும் சூடேறியிருக்காது. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதலாகப் பாயும் பெட்ரோலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்குகிறது. எரிந்த புகையிலுள்ள நீராவி உள்ளே குளிர்ந்து தண்ணீராகிறது. 20, 30 கிலோமீட்டர் ஓடினால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். மூன்று கிலோமீட்டரில் அணைத்தால் உள்ளேயே தங்கி அமிலமாகும். ஆகவே ஒரு வருடத்தில் 4,000 கிலோமீட்டரே ஓடும் வீட்டுக் காரின் ஆயில், மூன்று மாதத்தில் 10,000 ஓடும் டிராவல்ஸ் காரின் ஆயிலைவிட மோசமாக இருக்கக்கூடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிந்தெட்டிக் லிட்டர் 800 ரூபாய், மேனுவல் அனுமதிக்கும் மினரல் 400, ஃபில்டர் 150, இன்ஜினுக்கு 3.5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிந்தெட்டிக்குக்கு ஒரு தடவை 2,950 ரூபாய். 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் கிலோமீட்டருக்கு 29.5 பைசா. மினரலுக்கு 1,550, 5,000இல் மாற்றினால் 31 பைசா. ஏறக்குறைய சமம், அதோடு ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நேரமும் பாதி. ஆக, திருச்சி, மதுரை விமான நிலையங்களுக்குச் சவாரி போகும் வண்டிக்குச் சிந்தெட்டிக்தான் லாபம். வருடம் 4,000 ஓடும் காருக்குக் காலக்கெடு முதலில் வந்துவிடுவதால் சிந்தெட்டிக்கின் ஆயுளில் பாதிக்கு மேல் வீண். மேனுவல் இடம் கொடுத்தால் அப்படிப்பட்ட காருக்கு விலை குறைந்த ஆயிலை ஊற்றி நேரத்துக்கு மாற்றுவதே மேல். 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினுக்கு இந்தத் தேர்வு கிடையாது. அந்தக் கிரேடு அநேகமாகச் சிந்தெட்டிக்காகத்தான் வரும்.

தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு வேலைக்கு வரும் பைக் போக வர 36 கிலோமீட்டர் ஓடினால், 25 நாளில் மாதம் 900. மேனுவல் 6,000 என்றால் சுமார் ஆறரை மாதத்துக்கு ஒருமுறை. இந்த ஓட்டம் இன்ஜினுக்கு நல்ல ஓட்டம், பயந்துகொண்டு 2,000இல் மாற்ற வேண்டியதில்லை. டிராக்டருக்குக் கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக் கணக்கைப் பாருங்கள். பல மாடல்களுக்கு 250 மணி.

செம்மண் பாதையில் தினமும் போகிற வண்டிக்கு ஆயிலைவிட ஏர் ஃபில்டர் முக்கியம். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். வெளிப்பக்கம் சிவந்திருப்பது இயல்பு. ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உள்ளே விரலை விட்டால் செம்மண் ஒட்டுகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. ஒட்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை அல்லது கிழிந்திருக்கிறது. அந்த மண் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிட்டு ஆயிலில் போய்ச் சேரும். காகித ஃபில்டரில் கம்ப்ரசர் காற்றை நெருங்கி வைத்து அடித்தால் ஓட்டை விழும். தூர வைத்து உள்ளிருந்து வெளியாக அடிக்க வேண்டும். இல்லை, புதுசு போட்டுவிடுங்கள்.

எந்த இடைவெளியை வைத்துக்கொண்டாலும் 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சியை) பார்ப்பது கட்டாயம். பல கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். 5,000இல் ஒரு லிட்டர் குடிக்கும் பழைய இன்ஜினை 10,000 வரை பார்க்காமல் ஓட்டினால், ஆயில் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை. ஆயில் கறுத்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டீசலில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். பெட்ரோல் வாடை அடிக்கிறதா, அளவு ஏறியிருக்கிறதா, குச்சியில் பால் கலந்த காபி நிறம் தெரிகிறதா, வெயிலில் பிடித்தால் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள். குச்சியில் காபி நிறம் என்றால் கூலன்ட் கலந்திருக்கலாம், வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய்போல் ஒட்டியிருந்தால் அது குட்டி ஓட்டத்தின் ஈரம். நீளமாக ஓட்டினால் போய்விடும்.

பூட்டிய வீட்டில் நிற்கும் கார்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எந்த ஊரில் பார்த்தாலும், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களின் கார் ஒன்று வீட்டில் நிற்கும். கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் வந்தால் எடுப்பது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் "வாரம் ஒருதடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஐந்து நிமிடம்தான் ஆயிலுக்கு ஆகாதது: ஈரமும் பெட்ரோலும் சேரும், வெளியேறுவதற்குச் சூடு வராது. ஒன்று, 15 நாளுக்கு ஒருமுறை பிள்ளையார்பட்டிவரை போய்த் திரும்பும் அளவுக்காவது ஓட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டு நிம்மதியாக நிற்கவிடுங்கள்.

நிறுத்துவதற்கு முன்பே ஆயிலை மாற்றிவிட வேண்டும். ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது, அமிலம் சேர்ந்த பழைய ஆயில் பேரிங்கில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் கெடுதல். கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நம் பரிந்துரை.

பிஎஸ்-6 டீசல்

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஆகும். மேனுவலில் ஏசிஇஏ சி2, சி3 என்பதுபோல் போட்டிருந்தால் அதே எழுத்து கேனிலும் இருக்க வேண்டும். சாதாரண லாரி ஆயிலின் சாம்பல் டிபிஎஃப்பில் தங்கி அடைக்கும், எரித்தாலும் போகாது. இன்னொன்று, கரியை எரிக்கக் கூடுதல் டீசல் பாய்ச்சும் நேரத்தில் ஊருக்குள் வண்டியை அணைத்து அணைத்து ஓட்டினால் அந்த டீசல் ஆயிலில் இறங்கி அளவு ஏறும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் ஆயிலை மாற்றுங்கள்.

நீங்களே மாற்றுவதானால்

வேண்டியவை: சரியான ஆயில், புது ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், போல்ட்டுக்கேற்ற ஸ்பானர் (அநேகமாக 14 அல்லது 17 எம்எம்), ஃபில்டர் கழற்றும் கருவி, 5 லிட்டர் பிடிக்கும் அகலத் தட்டு, புனல். காருக்கடியில் போவதானால் ஸ்டாண்டு வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள்.

1. ஐந்து நிமிடம் ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் கசடோடு வடியும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும்.

2. மேல் மூடியைத் திறந்து, பிறகு டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். சொட்டுச் சொட்டாகும்வரை 15 நிமிடமாவது விடுங்கள். போல்ட்டில் மெல்லிய கருந்தூள் இருந்தால் பரவாயில்லை. துண்டு துண்டாக உலோகம் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

3. ஃபில்டரைக் கழற்றியதும் அதன் பழைய ரப்பர் வளையம் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். அது இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது புது ஃபில்டரை மாட்டினால், ஸ்டார்ட் செய்த சில நொடியில் ஆயில் முழுதும் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் முறுக்கி, வளையம் தொட்ட பின் முக்கால் சுற்று. அவ்வளவுதான், கருவி போட்டு இறுக்காதீர்கள்.

4. போல்ட்டைப் புது வாஷரோடு முதலில் கையாலேயே ஏற்றுங்கள், பிறகு ஸ்பானர். அலுமினிய சம்ப்பில் (இன்ஜினுக்கடியில் உள்ள ஆயில் தொட்டியில்) ஸ்பானருக்கு நீளக் குழாய் மாட்டி இறுக்கினால் மரை கழன்றுபோகும். பைக்கில் இது அடிக்கடி நடக்கிறது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானர் கிடைத்தால் மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள்.

5. காரானால் மொத்த அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். ஆயில் விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றால் போதும். அதிகமானால் கிராங்க் அடித்து ஆயில் நுரைக்கும். நுரை பேரிங்கைக் காக்காது.

6. தேதியையும் கிலோமீட்டரையும் ஃபில்டர்மேல் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

பல வருடம் மினரலில் ஓடிய இன்ஜினுக்கு முதல்முறை சிந்தெட்டிக் ஊற்றினால், பழைய கசடு இளகி வரும். அந்த முதல் தடவை மட்டும் பாதி தூரத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே தேய்ந்த சீல் கசிய ஆரம்பித்தால் சீலை மாற்றுங்கள், ஆயிலைக் குறை சொல்ல வேண்டாம்.

வடித்த ஆயில்

கழிவு ஆயிலைக் கரையானுக்கு மருந்து என்று தேக்கு நிலையிலும் கதவிலும் பூசுவது இன்னும் நடக்கிறது. செய்யாதீர்கள். எரிந்த ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. குழந்தைகள் தொடும் இடம் அது. பர்மாத் தேக்கில் ஏறிய கறுப்பைப் பிறகு எடுக்கவும் முடியாது. வாய்க்காலில் கொட்டினால் மழையோடு ஊருணிக்குப் போய்ச் சேரும். காலி ஆயில் கேனிலேயே திருப்பி ஊற்றி, மூடி போட்டு, கழிவு ஆயிலைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். பழைய ஃபில்டரையும் கவிழ்த்து வைத்து ஒரு இரவு வடியவிட்டு அதோடு கொடுங்கள். குத்திக் கிழிக்கச் சொன்ன காலிக் கேன்களில் ஒன்றை மட்டும் இதற்காக மிச்சம் வையுங்கள்.